ஏந்தியவர் பெயர்

முதலாவது, செங்கோடன் பிறந்த வருடம் நடந்தது. அவன் அப்பா மேலத் தெரு நிலக்கிழார் பெரிய பண்ணாடிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது தும்மினார். கன்னத்தில் ஒரு கீறல். அன்று மாலையே அவருடைய வலது கைக் கட்டைவிரலை அம்மியில் வைத்து நசுக்கினார்கள்.

இரண்டாவது, செங்கோடனுக்கு எட்டு வயது. வாத்தியார் மற்றப் பிள்ளைகளின் பலகையைக் கையில் வாங்கித் திருத்தினார். அவன் பலகையைக் குச்சியால் இழுத்துப் பார்த்துவிட்டு, அதே குச்சியால் தள்ளிவிட்டார். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. பிறகு அவன் படித்ததெல்லாம் சந்தைத் திடல் கூட்டங்களில் கொடுத்த துண்டறிக்கைகள். அவை அவனுக்குப் போதுமானவையாக இருந்தன.

மூன்றாவது, பதினாறு வயது. முதன்முதலாகத் தனியே மேலத் தெருவுக்குப் போய்ச் சவரம் செய்தான். செய்துகொண்டவர் எழுந்து, இவன் கை பட்ட தீட்டு போக அவன் எதிரிலேயே தலை முழுகினார். அவன் கை சுத்தமாகத்தான் இருந்தது.

நான்காவது, இருபத்திரண்டு வயது. தானியத்தைக் கையில் கொடுங்கள் என்று கேட்டான். அதுவரை முறத்தில் எறிந்தவர்கள் அன்றைக்குத் தரையில் கொட்டினார்கள்.

ஐந்தாவது, முப்பது வயது. இதைச் சந்தையில் எடுத்துப் பேசினான். கலகம் செய்தான் என்று மேலத் தெருக்காரர்கள் ஆறு பேர் சாட்சி சொன்னார்கள். நான்கு மாதம் ஜெயில்.

ஆறாவது, முப்பத்தொன்பது வயது. அவன் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. அதே வாரம் பண்ணாடி வீட்டு மகளுக்கும் நாள் நெருங்கியிருந்தது. எந்நேரமும் தேவைப்படலாம் என்று மருத்துவச்சி நல்லாயியை மூன்று நாள் தங்கள் வீட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டார்கள். அங்கே பிள்ளை பிறக்கவில்லை. இங்கே பிறந்தது. காலையில் பிறந்த பெண் குழந்தை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குளிர்ந்து போனது. பெயர் வைக்கவில்லை.

தாளில் அதற்கு மேல் இல்லை. செங்கோடன் அதை மடித்தான்.

"வரிசை மாறாம படிச்சேனா ஆத்தா?"

"படிச்சீங்க" என்றாள் நல்லாயி. அவன் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை. ஆற்றில் இரண்டாவது நாளாக வெள்ளம் போய்க்கொண்டிருந்தது.

"தினமும் காலையில படிக்கிறேன். ஒரு நாளாவது எது பெரிய குத்தம்னு நீ சொல்லலை."

"திரும்புங்க. தோள்பட்டை மிச்சமிருக்குது."

நல்லாயி அவனைவிட ஆறு வயது இளையவள். இருந்தாலும் ஊரில் எல்லோரையும் போல அவனும் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிட்டான். அவள் அவனை அண்ணா என்றாள். நான்கு வருடங்களுக்கு முன்னால், உடம்பெல்லாம் செதில் செதிலாக உரியும் தோலோடு அவள் வீட்டுக்கு வந்தான். மருந்துக்கு வந்தவன், தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று அங்கேயே சீடனாகத் தங்கிவிட்டான். திரும்பிப் போக அவனுக்கு வீடு இருந்தது, ஆள் இல்லை. பிள்ளை போன மறுவருடம் தாய் வீட்டுக்குப் போன மனைவி வரவே இல்லை.

"எண்ணெயில என்ன வேர் போடற?" என்றான்.

"நாலு வருசமா இதையும் கேக்கறீங்க."

"நீ நாலு வருசமா சொல்லலை. மருந்தை மறைச்சு வைக்கிறதும் ஒரு சுரண்டல்தான்."

"அடுத்த துண்டறிக்கை என் மேலயா?" என்றாள் நல்லாயி.

அவன் சிரிக்கவில்லை. அவன் மனம் வேலைநிறுத்தத்தில் இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த பதினாறாம் நாள், சாவடியில் ஏழு சாட்சிகள் முன்னால் ஒரு தாளைப் படிப்பார்கள். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பாட்டன் பெயர். கடைசி வரி, பிள்ளையை ஏந்தியவர். மேலத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் ஏந்தியவர்கள் கீழத் தெரு மருத்துவச்சிகள். ஆனால் அந்த வரியில் எப்போதும் "தெரு ஆள்" என்றே படிப்பார்கள். நல்லாயி நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏந்தியிருந்தாள். அத்தனை தாளிலும் அவள் தெரு ஆள்.

பெயரைப் படியுங்கள் என்று செங்கோடன் கேட்டான். ஒரே கோரிக்கை. முடியாது என்றார்கள். கீழத் தெரு ஆண்களும் பெண்களும் சவரக் கத்தியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். இனி எங்கள் உடம்பு உங்கள் உடம்பைத் தொடாது. சவரத்துக்கும் இல்லை, பிறப்புக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை.

பதினான்கு நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

பெரிய பண்ணாடியின் மகனான இப்போதைய பண்ணாடியே வண்டி ஓட்டி வந்திருந்தார். முழுக்க நனைந்து, இரண்டு வாரத் தாடியோடு நின்றார். வண்டிக்குள் அவர் மருமகள் கிடந்தாள். அவளுக்கு அடியில் விரித்த சாக்கு சிவந்திருந்தது. பண்ணாடி கையில் ஒரு முறம். முறத்தில் பஞ்சு. பஞ்சுக்குள் பிள்ளை.

"எட்டாம் மாசம்" என்றார். "விடியக்காலம் பொறந்துது. ஆத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக முடியலை. என் பையன் அக்கரையில கெடக்கறான்."

நல்லாயி எழுந்து ஓடினாள். செங்கோடன் வாசலை மறித்து நின்றான்.

"ஆத்தா, சத்தியம்."

"நீங்க பண்ணினீங்க. நான் அன்னைக்குக் குளத்துல துணி அலசிட்டிருந்தேன்."

"தெரு பண்ணினது உனக்கும் சேர்த்துத்தான்."

"தள்ளுங்கண்ணா."

"டேய்" என்றார் பண்ணாடி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேருதானே கேக்கறீங்க? படிக்கிறேன். ஊர் முன்னால படிக்கிறேன்."

"எழுதிக் கொடுங்க" என்றான் செங்கோடன். "கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. உங்க வாய்ச் சொல்லுக்கு நான் நாலு மாசம் உள்ள இருந்தவன்."

"எழுதி முடிக்கிற வரைக்கும் ரெண்டு உசுரும் இருக்காது" என்றாள் நல்லாயி. அவனைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

பண்ணாடியும் அவளும் சேர்ந்து மருமகளைத் தூக்கிவந்து பாயில் கிடத்தினார்கள். நல்லாயி இரண்டு கையாலும் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்கவில்லை. கையை எடுக்க வழியில்லை.

"பிள்ளை?" என்றார் பண்ணாடி. முறம் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"சட்டையைக் கழட்டிட்டு உங்க நெஞ்சுல போட்டுக்கங்க."

"தொட்டாத் தோல் உரிஞ்சிருமே. குறைமாசப் பிள்ளையை மருத்துவச்சி கை படற வரைக்கும் யாரும் தொடக்கூடாதில்ல? அதனாலதான் முறத்துலயே கொண்டாந்தேன்."

நல்லாயி அவரை ஒரு தடவை பார்த்தாள். அவர் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. முழங்காலை நீட்டி அவர் காலில் வைத்துப் பார்த்தாள். ஆற்று மீன் மாதிரி சில்லிட்டிருந்தது.

"வேண்டாம். நீங்களே குளிர்ந்து கெடக்கறீங்க. அண்ணா, நீங்க எடுங்க."

செங்கோடன் அசையவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தவன், சட்டை போட்டிருக்கவில்லை. அடுப்புச் சூட்டில் அவன் உடம்பு காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது.

பண்ணாடி அவன் நெஞ்சைப் பார்த்தார். "இவன் தோலு இந்தக் கதியில..."

"நாலு வருசமா நான் தொடறேன்" என்றாள் நல்லாயி. "என் கையில ஒரு செதில் காட்டுங்க. இது ஒட்டுற நோயில்லை."

"நான் தொட மாட்டேன்" என்றான் செங்கோடன். "சத்தியம் வாங்கினவனே நான்."

"சரி. தொட வேண்டாம். பட்டியலைப் படிங்க."

"என்ன?"

"குத்தம் பண்ணினவங்க முன்னால படிக்கணும்னு சொல்லிட்டே இருந்தீங்கல்ல? பண்ணாடி வம்சத்துல இருந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க. பெரியவருக்கு எல்லாம் தெரியும். சின்னதுக்குத் தெரியாது. அதுக்குப் படிங்க."

செங்கோடன் அவளை முறைத்தான். வேட்டி மடிப்பிலிருந்து தாளை எடுத்தான். அவன் பின்வாங்குகிறவன் இல்லை. முறத்தைப் பார்த்து நின்று, கூட்டத்தில் படிப்பது போலப் படித்தான்.

"முதலாவது..."

"அதுக்குக் கேக்கலை. கிட்டப் போங்க."

அவன் முறத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். பிள்ளை இரண்டு உள்ளங்கை நீளம்தான் இருந்தது. பெண். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. அழவில்லை. அழும் வேலையை முடித்துவிட்டது போல வாயை மட்டும் திறந்து மூடியது. கைகள் பஞ்சில் எதையோ தேடின.

"முதலாவது, செங்கோடன் பிறந்த வருடம்..."

"ஆறாவதைப் படிங்க."

"வரிசை மாறக்கூடாது."

"வரிசையாக் கேக்க அதுக்கு நேரம் இல்லைங்கண்ணா."

செங்கோடன் தாளைப் பார்த்தான். பண்ணாடி சுவரோரம் ஒட்டி நின்றார்.

"ஆறாவது, முப்பத்தொன்பது வயது. எட்டாம் மாதத்திலேயே... காலையில் பிறந்த பெண் குழந்தை..."

அவனால் அந்த வரியைக் கடக்க முடியவில்லை.

அந்தக் குழந்தையையும் ஒரு முறத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். பஞ்சு வாங்க வசதியில்லை. உமியும் பழந்துணியும். மருத்துவச்சி வருகிறவரை யாரும் தொடவில்லை. அவனும் வாசற்படியில் நின்று, மேலத் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாள் கீழே விழுந்தது. அவன் இரண்டு கையையும் பஞ்சுக்குள் விட்டான்.

"தலைக்கு அடியில ஒரு கை" என்றாள் நல்லாயி. அவள் கை இன்னும் வயிற்றில் இருந்தது. "துணியை எடுத்துருங்க. அதோட தோலு உங்க தோல்ல படணும். நெஞ்சுல குப்புறப் போடுங்க. தவளை மாதிரி காலை மடிச்சு. மூக்கு மூடாம தலையை ஒரு பக்கமாத் திருப்புங்க. மேல என் சீலையைச் சுத்திக்கங்க. சாஞ்சு உக்காருங்க. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. அப்படியே இருங்க."

அவன் அப்படியே இருந்தான். ஐம்பது வருட வாழ்க்கையில் அவன் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

நேரம் போனது. மருமகளின் வயிறு கல் மாதிரி இறுகியது. ரத்தம் குறைந்தது. நல்லாயி அவளிடமிருந்து நாலு சொட்டுச் சீம்பாலைப் பாலாடையில் பிழிந்து எடுத்தாள். சுண்டு விரலில் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். அது நக்கியது. உதட்டில் நீலம் இறங்கியிருந்தது.

"மூச்சு ஒழுங்காப் போகுது" என்றாள். "உங்க மூச்சைப் பார்த்து அதுவும் விடுது."

"ஆத்தா."

"ம்."

"அன்னைக்கு நீ வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

நல்லாயி மருமகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதைத்தான்."

"வேற மருந்து?"

"இல்லை."

"தோல் உரியும்னாங்களே."

"யாரு?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொன்னதை நீங்க எதையும் நம்பினதில்லையே அண்ணா. இதை மட்டும் ஏன் நம்பினீங்க?"

"அப்ப நானே அன்னைக்கு..."

சுவரோரம் நின்ற பண்ணாடி, எந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து வாசல் பக்கம் பார்த்தார்.

"பட்டியல் தப்புன்னு நான் சொல்லலை" என்றாள் நல்லாயி. "மூணு நாள் என்னை அங்க உட்கார வச்சது நிஜம். கதவைத் தாழ் போட்டிருந்தாங்க. அதுல ஒரு எழுத்தும் அடிக்க வேண்டாம்."

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. செங்கோடன் மெல்லிய குரலில் கேட்டான். "எண்ணெயில என்ன போடற?"

"தேங்காய்."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான். முதல் மாசம் சட்டியோட உங்க கையில கொடுத்தனுப்பினேன். நீங்களே தேய்ச்சுக்கிட்டீங்க. ஆறலை. அடுத்த மாசம் இங்க உட்கார வச்சு நான் தேய்ச்சேன். அடங்குச்சு. அதே எண்ணெய்தான்."

அவன் பதினாறு வயதிலிருந்து முகம் முகமாகத் தொட்டவன். மனைவியை விட்டால், நல்லாயிக்கு முன்னால் தன்னைத் தொட்ட கை எது என்று யோசித்தான். போலீஸ்காரர்கள் கைதான் நினைவுக்கு வந்தது.

"பிள்ளை நெஞ்சுக்கு வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு" என்றாள் நல்லாயி. "நீங்க ஒரு தடவைகூடச் சொறியலை."

மாலையில் கீழத் தெரு வாசலில் கூடியது. செங்கோடனின் சித்தப்பன் மகன் வையாபுரி முன்னால் நின்றான்.

"கத்தி மேல எங்க கையை வாங்கி வச்சது நீ. என் கை ரேகை அழியற மாதிரி அமுக்கின. இப்ப நீயே அவங்க வீட்டுப் பிள்ளையை நெஞ்சுல போட்டுத் தாலாட்டறயா?"

"தாலாட்டலை. சும்மாத்தான் இருக்கேன்."

"பதினாலு நாள் எங்க அடுப்பு எரியலை."

"தெரியும்."

"அப்ப வேலைநிறுத்தம் முடிஞ்சுதா?"

செங்கோடன் நெஞ்சில் கிடந்த தலையைப் பார்த்தான். முடி முளைக்காத தலை. "பிள்ளைக்கு மட்டும் விலக்கு" என்றான். "தாடிக்கு இல்லை."

யாரோ சிரித்தார்கள். வையாபுரி சிரிக்கவில்லை. "பேரைப் படிக்கலைன்னா?"

"படிக்கலைன்னா பிள்ளை வளர்ந்ததும் நானே அதுகிட்டப் பட்டியலைப் படிச்சுக் காட்டுவேன். முதல்ல அது வளரட்டும்."

திண்டாட்டமான ஒன்பது நாள். மருமகளுக்கு எழுந்து உட்காரத் தெம்பு வரும்வரை பிள்ளை செங்கோடன் நெஞ்சிலேயே கிடந்தது. அதற்கு வயிற்றுவலி வந்தால் அவன் நடந்தான். தூங்கினால் சுவரில் சாய்ந்து அவனும் தூங்கினான். அவனுக்கு எண்ணெய் தேய்க்க நல்லாயிக்கு நேரம் இல்லை. பத்தாம் நாள் பிள்ளையைத் தாயின் மார்புக்கு மாற்றியபோது, அது கிடந்த இடத்தில் அவன் நெஞ்சில் தோல் ஒரு கையகலத்துக்கு மழுமழுவென்று இருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். சட்டையைப் போட்டுக்கொண்டான்.

பதினாறாம் நாள் சாவடியில் ஏழு சாட்சிகள் உட்கார்ந்தார்கள். ஏழு பேரும் மேலத் தெரு, ஏழு பேருக்கும் தாடி. கீழத் தெரு முழுவதும் எதிரே வெயிலில் நின்றது. யாரும் நகரவில்லை. வாக்கு மாறினால் அடுத்து என்ன என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

பண்ணாடி தாளைப் பிரித்தார். பிள்ளையின் பெயரைப் படித்தார். தகப்பன், தாய், பாட்டன் பெயர்களைப் படித்தார். "ஏந்தியவர்" என்று சொல்லி நிறுத்தினார். அந்த இடத்தில் நல்லாயி என்று அவரே எழுதியிருந்தார்.

"நான் ஏந்தலைங்க" என்றாள் நல்லாயி. "நான் தாயைப் பார்த்தேன். பிள்ளையை ஏந்தினது அண்ணன். எழுதினதை அடிச்சிட்டு மாத்துங்க."

பண்ணாடி பேனாவை எடுத்தார். ஐம்பது வருடம் தன் வாயால் டேய் என்று கூப்பிட்ட ஆளை நிமிர்ந்து பார்த்தார்.

"செங்கோடன்தானே முழுப் பேரு?"

"என் பேர் வேண்டாங்க" என்றான் செங்கோடன்.

கூட்டம் சலசலத்தது. "என்னடா இது?" என்றான் வையாபுரி. "இதுக்குத்தானே பட்டினி கிடந்தோம்?"

செங்கோடன் வேட்டி மடிப்பிலிருந்து தன் தாளை எடுத்து நீட்டினான். பண்ணாடி சற்றுத் தயங்கினார். பிறகு கையை நீட்டி, அவன் கையிலிருந்தே வாங்கினார். முதல் ஐந்து குற்றங்கள் அப்படியே இருந்தன. ஆறாவதும் இருந்தது. கடைசியில் "பெயர் வைக்கவில்லை" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் அடிக்கப்பட்டு, மேலே புது மையில் ஒரு பெயர்.

"அதைப் படிங்க."

பண்ணாடி அந்தப் பெயரை மறுபடி பார்த்தார். "ஏந்தினது நீதானே?"

"ஏந்தக் கத்துக்கிட்டது இந்தப் பேருக்காரிகிட்ட."

பண்ணாடி சாட்சிகளைப் பார்த்தார். அவர்கள் காத்திருந்தார்கள். அந்தப் பெயரைப் படித்தால் என்னவெல்லாம் படித்ததாகும் என்று அவருக்குத் தெரிந்தது. கடைசியாக ஒரு வழி தேடினார்.

"இந்தப் பேர்ல உங்க தெருவுல யாருமே இருந்ததில்லையே."

செங்கோடன் வாயைத் திறக்குமுன் நல்லாயி சொன்னாள்.

"இருந்தாங்க. காலையில இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும்."

பண்ணாடி எழுந்து நின்றார். தெருக்கடைசி வரைக்கும் கேட்கும்படி படித்தார்.

"ஏந்தியவர், செங்கோடன் மகள் பூவாத்தாள்."